முனியாண்டி என்று செதுக்கப்பட்ட சேகர்

பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டத்தில் எங்கள் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஓடிய ‘பாரிட்’டின் தண்ணீர் பாலில்லாத ‘கோப்பி ஓ’ நிறத்தில் இருக்கும். சதுப்பு மண்ணும் அழுகிய அன்னாசி இலையும் ஊறிய அந்தக் கால்வாயில் ஒருமுறை குதித்து எழுந்தால், புளிப்பும் துருவும் கலந்த வாடை மாலை வரை மூக்கை விட்டுப் போகாது. முழங்கை வரை கையை விட்டால் விரல்கள் தெரியாது. அடுத்த வீட்டுச் சேகர் அதில் முழுதாக மறைவான். கரையில் உட்கார்ந்து எண்ணுவது என் உத்தியோகம். பின்னாளில் முப்பத்தைந்து ஆண்டுகள் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து, ஊரார் பிறந்ததையும் இறந்ததையும் சரிபார்த்துக் கையொப்பமிட்டவனுக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடைத்திருக்காது.

“எவ்ளோடா?” என்று மூச்சிரைக்க எழுவான்.

“எழுபத்தாறு.”

“களவாணிப் பயலே, நானும் உள்ள எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். தொண்ணூத்தி மூணு. உன் வாத்தியாரு எழுபத்தாறோட நிறுத்திட்டாரா லா?”

தொண்ணூறுக்கு முன்னால் அவன் எழுந்ததே இல்லை. பொறாமையில் நான்தான் குறைத்துச் சொல்வேன்.

லயமே அறிந்த சேகர் காகிதத்தில் மட்டும் இல்லை. வீட்டிலேயே பிறந்தவன், பதியப் போக வேண்டிய வாரம் மழை, அடுத்த வாரம் அறுவடை, அதற்குப் பிறகு மறதி. பன்னிரண்டு வயதில் ‘ஐ.சி.’ என்ற அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று பள்ளியில் சொன்னபோது, அவன் அம்மா ராக்கம்மா அத்தை பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு ‘சூராட்’டை எடுத்துவந்தார். பிறப்புப் பத்திரம்தான், ஆனால் அது முனியாண்டி என்ற மூத்த பிள்ளையுடையது. பேதி கண்டு, தவழும் வயதிலேயே இறந்து, யாருக்கும் அறிவிக்காமல் அன்னாசிக்காட்டு ஓரத்தில் புதைக்கப்பட்ட குழந்தை. பிறந்ததற்குச் சான்று இருந்தது, இறந்ததற்கு இல்லை. ஆகவே அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவன் நலமாகவே இருந்தான்.

லயத்தில் மலாய் எழுதத் தெரிந்த பையன் நான்தான் என்பதால் ஐ.சி. விண்ணப்பப் பாரத்தை என்னிடம் கொடுத்தார்.

“அத்தே, இது முனியாண்டி பேரு. சேகர் இல்லியே.”

“எளுதுய்யா. செத்தவன் வந்து கேக்கவா போறான்?”

எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் நான் நிரப்பிய முதல் பாரம் அது. ஒரே நிமிடத்தில் சேகருக்கு ஒன்றரை வயது கூடியது. அதை அவன் பதவி உயர்வைப் போலக் கொண்டாடி, ஒரு மாதம் எங்களை ‘தம்பி’ என்றே அழைத்தான்.

அந்தக் காகிதத்தோடு கடற்படையில் சேர்ந்தான். தண்ணீருக்கடியில் போய் வேலை செய்யும் அதிரடிப் பிரிவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வு நடத்தியவர்கள் நேர்மையாக எண்ணியிருக்க வேண்டும். அயல்நாட்டுக் கடற்கரை ஒன்றில் நடந்த சண்டையில், தன் குழுவைச் சேர்ந்த இன்னும் இருவரோடு இறந்தான். கொடி போர்த்திய பெட்டி வந்தது, திறக்கக் கூடாது என்ற கடிதத்தோடு. பிறகு ஜொகூர் பாருவில் ஒரு நினைவுக்கல் வந்தது. அதில் முனியாண்டி என்று செதுக்கியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் அந்தப் பெயரைப் படித்து மலர்வளையம் வைக்கிறார்கள்.

சென்ற ஆண்டு ராக்கம்மா அத்தை என்னை வரச் சொன்னார். எண்பது தாண்டிவிட்டது, கூலாயில் மகள் வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கிறார்.

“ஒரே ஒரு தடவ அங்க சேகர்னு கூப்பிடச் சொல்லுய்யா. நான் போறதுக்குள்ள கேட்டுட்டுப் போறேன்.”

எனக்குத் தெரியாத நடைமுறை இல்லை. சேகரின் பிறப்பைத் தாமதமாகப் பதிய, விண்ணப்பதாரர் நேரில் வந்து பெருவிரல் ரேகை பதிக்க வேண்டும். முனியாண்டியின் மரணத்தை முதலில் பதிந்தாலோ, இறந்த குழந்தையொன்று கடற்படையில் சேர்ந்தது எப்படி என்று கோப்பு விசாரணைக்குப் போகும். விசாரணை முடியும்வரை கல்லில் இருக்கும் பெயரும் நிற்காது. விதிப்படி உண்மையைச் சொன்னால் இரண்டு பிள்ளைகளும் போய்விடுவார்கள். இதே மனு என் மேசைக்கு வந்திருந்தால் பத்து நிமிடத்தில் நிராகரித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பேன்.

“முடியாது அத்தே.”

“நீதானய்யா எளுதுன. நீயே அளிச்சிரு.”

விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன்.

“சரி, அப்ப நீயாச்சும் அங்க வந்து கூப்பிடு. சத்தமா. பாரிட்டுல கூப்பிடுவியே, அப்படி.”

வருகிறேன் என்றேன்.

இந்த ஆண்டு நினைவுக்கல்லின் முன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முனியாண்டி என்று படித்தார்கள். இளம் மலாய்ச் சிப்பாய் ஒருவர் குனிந்து, அத்தையை மரியாதையோடு அழைத்து, “மக்சிக், உங்கள் மகன்” என்று மலாயில் மெதுவாகச் சொன்னார்.

“அது பெரியவன்” என்றார் அத்தை தமிழில். “அவனுக்கு நீச்சலே தெரியாது.”

சிப்பாய் புரியாமல் தலையசைத்தார். மௌன அஞ்சலிக்கு எழுந்தோம். எக்காளம் ஒலித்து நின்றது. அத்தை திரும்பி என் முகத்தைப் பார்த்தார். மௌன அஞ்சலியின்போது யாரும் குரலெழுப்பக் கூடாது. நான் எழுப்பவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்ததையே செய்தேன், எண்ணினேன்.

அந்தப் பாரிட் இப்போது இல்லை. லயமிருந்த இடத்தில் மாடி வீடுகள். கால்வாயைக் குழாய்க்குள் அடக்கி மேலே தார் போட்டுவிட்டார்கள். முனியாண்டியைப் புதைத்த ஓரம் எதுவென்று என்னாலும் காட்ட முடியாது. அத்தை அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

அன்று மௌனம் அறுபதில் முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். சேகர் எழக் குறைந்தது தொண்ணூறு ஆகும் என்று நான் மட்டும் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த முறை ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை.