தானாக நிற்காத கார்

கொட்டாவி விட்டால் என் கார் என்னைக் கண்டிக்கிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருக்கும் சின்னத் திரையில் ஆவி பறக்கும் காபிக் கோப்பை ஒன்று தோன்றும். கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று நார்வேஜிய மொழியில் ஒரு வரி வரும். பெர்கன் நகரத்தின் ஓயாத மழையில், மீன்பண்ணைக் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்துக்கு வேலைக்குப் போகும் வழியெல்லாம் என் இமை தாழ்வதை ஒரு கேமரா பார்த்துக்கொண்டே வருகிறது. சிவகாசியில் பிறந்து வளர்ந்த காலம் முழுக்க, நான் தூங்கினேனா என்று இத்தனை அக்கறையாக யாரும் கவனித்ததில்லை. வந்த புதிதில் எனக்கு இது நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது. இப்போது அந்தக் கோப்பையைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. கார் கம்பெனிக்கு என் மேல் பிரியம் ஒன்றும் கிடையாது. சட்டம் கழுத்தைப் பிடித்ததால் வந்த பிரியம் அது. சட்டம் கழுத்தைப் பிடிக்காத இடத்தில் இதே கம்பெனி எப்படி நடந்துகொள்கிறது என்பதை இந்த வருடம் ஊரில் பார்த்துவிட்டு வந்தேன். ஊரில் இருப்பவர்களுக்கும், ஊருக்குப் போகும்போது அண்ணன் தம்பி காரில் ஏறி உட்காரப் போகிற என்னைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த மின்சாரக் காரை எனக்கு விற்றவர் பெயர் ஊலே. எங்கள் பக்கம் ஆளைக் கூப்பிடுகிற ‘ஏலே’வுக்குப் பக்கத்து வீடு. வாங்கப் போன அன்று எனக்கு நார்வேஜியன் அரைகுறை. முன்னால் ஆள் வந்தால் கார் தானாகப் பிரேக் பிடிக்குமா என்று கேட்டேன். “செல்ஃபொல்கெலி” என்றார். ‘செல்வ்’ என்றால் ‘தானே’ என்று வகுப்பில் படித்திருந்தேன். நீயேதான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, “நானே பிடிப்பதற்கு இவ்வளவு விலை எதற்கு?” என்று சண்டைக்குப் போனேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு ‘அதிலென்ன சந்தேகம்’ என்று பொருளாம். காருக்குச் சக்கரம் உண்டா என்று கேட்டவளைப் போல என்னைப் பார்த்தார். தானாகப் பிரேக் பிடிப்பது, சாலைக் கோட்டைத் தாண்டினால் திருத்துவது, தூங்கி வழிந்தால் எச்சரிப்பது எல்லாம் இங்கே புதுக் கார் எதுவானாலும் இருந்தாக வேண்டும். ‘ஸ்டான்டார்’ என்றார், அதாவது காரோடு சேர்ந்து வருவது. அதற்காக ஊலேயைப் புத்தர் என்று நினைத்துவிட வேண்டாம். முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வசதி உண்டா என்று கேட்டதற்கு, சென்சார் ஸ்டான்டார்தான், ஆனால் அது வேலை செய்ய மாதச் சந்தா கட்ட வேண்டும் என்றார். கண்ணை வைத்துவிட்டுப் பார்வைக்கு வாடகை கேட்கிற வியாபாரம். இதைச் சொல்லும்போதும் அந்த மனிதர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

போன கோடையில் என் அண்ணன் தனபாலனும் மதினியும் பெர்கன் வந்திருந்தார்கள். அண்ணனுக்குச் சிவகாசியில் அச்சகம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற கம்பெனி. ஒரு நாள் மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தபோது வளைவில் ஒரு செம்மறியாடு சாலையில் குதித்தது. என் கால் பிரேக்குக்குப் போவதற்குள் கார் தலையைக் குனிந்து நின்றுவிட்டது.

“ஏ பாப்பா, நீயா போட்ட?” என்றார் அண்ணன்.

“இல்லண்ணே, அதுவாப் போட்டுச்சு.”

அன்றைக்கு முழுக்க அவருக்கு இதே பேச்சுதான். பனிமலை, அருவி, படகு, எல்லாம் அவருக்கு அதற்குப் பிறகு சப்பென்று ஆகிவிட்டன. ஊருக்குப் போனதும் அதே கம்பெனியில், அதே பெயர் கொண்ட வண்டியை, அதே நிறத்தில் வாங்கினார். வண்டிக்கு மாலை போட்டு எடுத்த படத்தை எனக்கு அனுப்பினார். ‘ஓட்டாமலே ஓடும்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததாக மதினி போனில் சொன்னார்.

இந்த வருடம் தீபாவளி சீசனுக்கு முன்னால் நான் போனபோது, அந்த வண்டியிலேயே மதுரை விமான நிலையத்துக்கு அழைக்க வந்திருந்தார். காலை நேரம். ஏறியதும் முன்கண்ணாடியில், நடுக்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்த கறுப்பு டப்பாவைக் காட்டினார். “இங்கன பாரு, கேமரா. உன் வண்டியில இருக்கிற அதே கேமரா.” விருதுநகர் தாண்டும் வரை ஒழுங்காகத்தான் ஓட்டினார். ஆமத்தூர் தாண்டியதும் ஸ்டியரிங்கில் ஒரு பொத்தானை அழுத்தினார். பிறகு செருப்பைக் கழற்றி, வலது காலை மடித்து சீட்டின் மேல் வைத்துக்கொண்டார். பந்தியில் உட்காருகிற மாதிரி. ஒரு முதலாளி தன் வண்டிக்குக் கட்டளை கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கிற தோரணை அவர் முகத்தில் இருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அச்சகத்தில் ஆட்களிடம் வேலையைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகும்போதும் அதே முகம்தான்.

எங்களுக்கு முன்னால் ஒரு மொபெட் போய்க்கொண்டிருந்தது. ஒரு கணவன், மனைவி. அவள் மடியில் சாப்பாட்டுத் தூக்குவாளி. பள்ளம் ஒன்றைப் பார்த்து மொபெட் வேகத்தைக் குறைத்தது.

“அண்ணே, முன்னாடி வண்டி.”

“தெரியுது. அதுவும் பாத்திருக்கும்.”

“பிரேக்கப் போடுங்க.”

“உன் வண்டி போட்டுச்சுல்ல பாப்பா, ஆட்டுக்கே போட்டுச்சு.”

அந்த நொடியில்தான் அவருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மடித்த காலை அவிழ்த்து இறக்குவதற்குள் முன்பக்கம் மொபெட்டைத் தட்டிவிட்டது. சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. தகர டப்பாவை யாரோ மிதித்த மாதிரி இருந்தது. இறங்கிப் பார்த்தால் இருவரும் சாலையோரம் கிடந்தார்கள். சோறு மண்ணில் கொட்டியிருந்தது. அவள் பெயர் முத்துமாரி, அவன் காளிராஜ். இருவரும் நாரணாபுரத்துப் பட்டாசு கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. அவளுக்கு இரண்டு உள்ளங்கையிலும் தோல் போயிருந்தது; பட்டாசுக்குத் திரி வைக்கிற கை. அண்ணனை முழுக்கக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காளிராஜை அவரேதான் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆனால் வழி நெடுக அவர் சொல்லிக்கொண்டு வந்தது ஒன்றுதான்: “வண்டி ஏமாத்திருச்சு.”

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனோம். டை கட்டிய விற்பனைக்காரர் ஒருவர் வந்தார். ஓட்டுநருக்கு உதவுகிற வசதிகளை எல்லாம் சேர்த்து இந்த வியாபாரத்தில் ‘அடாஸ்’ என்கிறார்கள்.

“அடாஸ் இருக்குன்னு சொல்லித்தானே வித்தீக?” என்றார் அண்ணன்.

“அடாஸ் ரெடின்னு சொன்னேன் அண்ணாச்சி.”

“ரெடின்னா?” என்று நான் கேட்டேன்.

“வைக்கிறதுக்கு இடம் இருக்கு மேடம்.”

“அப்ப கண்ணாடிக்குப் பின்னால ஒட்டியிருக்கிறது?”

“அது வெறும் கவருங்க மேடம். எல்லா வேரியன்ட்டுக்கும் கண்ணாடி ஒண்ணுதான், அதனால கவரும் ஒண்ணுதான்.” நகத்தால் நெம்பி அதைக் கழற்றிக் காட்டினார். உள்ளே எதனோடும் சேராத ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. முன் பம்பரில், என் காரில் ராடார் இருக்கிற இடத்தை ஒரு பிளாஸ்டிக் மூடி அடைத்திருந்தது.

அவரைக் காருக்குள் உட்காரவைத்து, காரோடு வருவது எது, வராதது எது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். ஆறு ஏர்பேக்கும் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. சறுக்காமல் பிடிக்கும் பிரேக் உண்டு. டயரில் காற்று குறைந்தால் சொல்லும். பின்னால் எடுக்கக் கேமரா உண்டு. அண்ணன் அழுத்தியது சாதாரண க்ரூஸ் கன்ட்ரோல். சொன்ன வேகத்தில் கண்ணை மூடிக்கொண்டு போகும், அவ்வளவுதான். முன்னால் வண்டியைப் பார்த்து வேகம் குறைப்பது, தானாகப் பிரேக் பிடிப்பது, கோட்டுக்குள் வைத்துப் போவது எல்லாம் விலை கூடின டாப் வேரியன்ட்டுக்கு மட்டும். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று புரிந்தது. மோதிய பிறகு உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுவது எல்லாக் காரிலும் வந்துவிடுகிறது. மோதாமல் வெளியே இருப்பவரைக் காப்பாற்றுவது மட்டும் ஆடம்பரம். தோல் சீட், கூரைக் கண்ணாடி, பாட்டுப் பெட்டியோடு சேர்த்து அதையும் விற்கிறார்கள். முத்துமாரியின் உயிர் கூரைக் கண்ணாடியோடு ஒரே பொட்டலத்தில்.

“டாப் வேரியன்ட்னா கால மடிச்சு உக்காரலாமா?” என்று விற்பனைக்காரரிடம் கேட்டேன்.

“ஐயோ, இல்ல மேடம். அதுலயும் கால் பிரேக்குலதான் இருக்கணும். நம்ம ஊர் மொபெட்ட, மாட்ட எல்லாம் அது சரியா கண்டுபிடிக்கும்னு சொல்ல முடியாது.” இதை வண்டி விற்கும்போது சொன்னீர்களா என்று நான் கேட்கவில்லை. அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டார்.

பெர்கன் திரும்பிய பிறகு சர்வீஸுக்குப் போனபோது ஊலேயிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “நீங்கள் மாடலை மாற்றிச் சொல்கிறீர்கள். இந்த மாடலில் பிரேக் ஸ்டான்டார்” என்றார். அங்கே இல்லை என்றேன். “ஆனால் அதே கார்தானே?” என்றார். மூன்று முறை சொல்லியும் நான் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டேன் என்றே முடிவு கட்டினார். பிறகு ஆறுதலாக, அங்கே சாலைகள் அப்படி இருக்கலாம், கேமராவுக்குக் கோடு தெரியாமல் போகும் என்றார். கோடு தெரியாவிட்டால் போகட்டும், ஆள் தெரியாதா என்று கேட்க நினைத்தேன். என் நார்வேஜியனில் அந்த அளவுக்குக் கோபம் வராது.

இதையெல்லாம் விடக் கசப்பானது ஊரில், ஷோரூம் போய் வந்த அன்று மாலையே நடந்திருந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். நான் நேரில் பார்த்த சாட்சி என்பதால் நானும் போக வேண்டும். கிளம்பும்போது அண்ணன் வாசலில் நிறுத்தினார்.

“மொபெட்டுக்காரன் திடீர்னு வண்டிய உள்ள ஒடிச்சான்னு சொல்லு பாப்பா. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“ஒடிக்கலையேண்ணே.”

“அவனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு பூராம் நாந்தானே பாக்கேன்? அதுக்கு மேல என்ன?”

மதினி பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: “நீ ஒரு வாரத்துல பிளேன் ஏறிருவ. நாங்கள்ல இங்கன இருக்கணும். நாலு பேரு மொகத்துல முழிக்கணும்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் வலித்தது. இந்த ஊரில் உண்மை சொல்கிற வசதி எனக்கு விமான டிக்கெட்டோடு சேர்ந்து வந்திருக்கிறது என்று மதினி நினைத்தார். ஆனால் பொய் சொன்னால் அது முறிந்த காலோடு கிடப்பவனின் தலையில் போய் விழும். அவனுக்கு இன்சூரன்ஸும் கிடைக்காது. பழியும் வந்து சேரும். அதை நினைத்தபோது வீட்டின் மேல் எனக்கிருந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஸ்டேஷனில் கேட்டார்கள், சொன்னேன். பொத்தானை அழுத்தியதையும், காலை மடித்ததையும், மொபெட் நேராகத்தான் போனது என்பதையும். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் கால் மடித்த இடத்தில் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

அதன் பிறகு அண்ணன் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு விழும். சாப்பிடச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். கிளம்பும் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காளிராஜுக்குக் காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். நடப்பான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முத்துமாரி கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“உங்க அண்ணன்தானே அவுக?” என்றாள்.

“ஆமா.”

“பெறகு எதுக்குச் சொன்னீக?” என்றாள். நன்றி சொல்கிற குரல் இல்லை, நிஜமாகவே சந்தேகம். பிறகு என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். விமான நிலையத்துக்கு டாக்ஸியில் போனேன். வழியனுப்ப யாரும் வரவில்லை.

பெர்கனில் இறங்கியபோது மழை. கார் நிறுத்தத்தில் என் காரைக் கண்டுபிடித்து, பெட்டியைப் பின்னால் போட்டுவிட்டு, வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டேன். கையை நீட்டியபோதுதான் எனக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை என்று தெரிந்தது. இங்கே அது இடது பக்கம். எழுந்து மாறி உட்கார மனம் வரவில்லை. அப்போது போன் அடித்தது. வீட்டிலிருந்துதான் என்று எடுத்தேன். முத்துமாரி.

“வீடு சேந்துட்டீகளாக்கா?” என்றாள்.

“சேந்துட்டேன்” என்றேன். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. நான் பக்கத்துச் சீட்டிலேயே, ஓட்டுவதற்கு யாரோ வரப்போகிறார்கள் என்பதைப் போல, பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.