நடுவில் நின்ற புரதம்

என் தங்கை என்ன வேலை செய்கிறாள் என்று எங்கள் உறவில் ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. புரதம் மடிவதை ஆராய்கிறாள் என்று பெரியம்மா மகள் யாரிடமோ சொல்லப்போக, அன்றிலிருந்து அவளுக்கு 'மடிப்பு டாக்டர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. "புரதம் மடியறதெல்லாம் தெரியும், துணி மடிக்கத்தான் வராது" என்று அவள் கணவரே சொல்வார். மாப்பிள்ளைக்குச் செயற்கைப் பல் செய்யும் தொழில். நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஆய்வகத்தில் நடந்தவை அவள் சொல்லிக் கேட்டவை. வீட்டில் நடந்தவை நான் பார்த்தவை.

கண்ணின் வில்லையில் இருக்கும் ஒரு புரதம்தான் அவளுடைய ஆயுட்கால வேலை. புரதம் நீண்ட நூல் மாதிரி. தன்னைத்தானே மடித்து உருண்டையானால்தான் உதவும். வில்லைப் புரதத்தின் மடிப்பு குலைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புரை விழும். குலைவது எப்படி என்று பார்க்க அவள் அதை யூரியா கரைசலில் போடுவாள். யூரியா ஏற ஏற மடிப்பு அவிழும். ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் வெளிச்சத்தை அளந்து, ஒரு கோடாக வரைவாள். அந்தக் கோடு ஒரே சரிவாக இறங்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளுடைய கோடு பாதி வழியில் சற்று நின்று, பிறகு இறங்கியது.

அந்த நிறுத்தத்துக்கு 'நடுநிலை' என்று பெயர் வைத்தாள். அரைகுறையாக அவிழ்ந்த புரதத்தை அங்கேயே பிடித்து நிறுத்த முடிந்தால் புரையைத் தள்ளிப்போடலாம் என்று கட்டுரை எழுதினாள். வேலை நிரந்தரமானது, தனி ஆய்வகம் கிடைத்தது. அவளிடம் முதலில் முனைவர் பட்டம் வாங்கிய பெண், வீட்டில் நாங்கள் 'மூத்தவள்' என்று சொல்வோம், அதே நடுநிலையை வைத்து ஆய்வேடு எழுதி இன்னொரு நிறுவனத்தில் வேலைக்குப் போனாள்.

ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது, முன்பின் தெரியாத ஓர் ஆய்வாளர் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். தாங்கள் பலமுறை முயன்றும் நடுநிலை தெரியவில்லை, எங்கே தவறுகிறோம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். அன்று சாப்பாட்டில் உப்பே இல்லை. மாப்பிள்ளை அதைக் கிண்டல் செய்யாமல் சாப்பிட்டதிலிருந்தே விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் அவளே செய்து பார்த்தாள். நடுநிலை வந்தது. சில நாள் கழித்துச் செய்தபோது வரவில்லை. பிறகு மங்கலாக வந்தது. கருவியின் விளக்கை மாற்றினாள். கண்ணாடிக் குப்பியை அமிலத்தில் ஊறவைத்தாள். புரதத்தைப் புதிதாகத் தயாரித்தாள். ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது.

"இத்தனை வருஷமா நின்ன எடத்துல இப்ப ஏன் நிக்க மாட்டேங்குது?" என்று அவள் கேட்டாள்.

"வயசாச்சுல்ல, அதுக்கும் மூட்டு வலியோ என்னவோ" என்றார் மாப்பிள்ளை.

அப்போது ஆய்வகக் கூரையில் குழாய் உடைந்து, கட்டடத்தைச் சில வாரம் பூட்டி வைத்தார்கள். திறந்ததும் முதல் வேலையாக, அலமாரியில் இருந்த பழைய யூரியா கரைசலையே எடுத்துச் செய்திருக்கிறாள். நடுநிலை அதுவரை காணாத அளவுக்குப் பெரிதாக வந்தது. சந்தோஷப்பட்டு, உடனே சந்தேகப்பட்டு, புதிதாக யூரியா கலக்கிச் செய்தாள். கோடு ஒரே சரிவாக இறங்கியது.

யூரியா கரைசலை வைத்திருந்தால் அதிலிருந்து சயனேட் என்ற பொருள் உண்டாகும். அது புரதத்தில் ஒட்டி அதை வேறு ஆளாக மாற்றிவிடும். அன்றன்று கலக்க வேண்டும் என்று பாடம் நடத்தியவளே அவள்தான். ஆனால் அவளுடைய பேராசிரியரின் ஆய்வகத்தில் திங்கட்கிழமை ஒரு பெரிய பாட்டில் கலக்கி, பிசின் மணிகள் வழியாக வடிகட்டி, வாரம் முழுவதும் பயன்படுத்துவார்கள். வடிகட்டினால் சயனேட் போய்விடும், அதனால் கெடாது என்று நம்பிக்கை. போனது மறுபடி ஊறிவிடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அந்தப் பழக்கத்தை அவள் அப்படியே தன் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தாள், மூத்தவள் அவளிடமிருந்து தன் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாள். மாறிய புரதமும் மாறாத புரதமும் கலந்திருந்ததால் ஒன்று முன்னே அவிழ்ந்தது, ஒன்று பின்னே அவிழ்ந்தது. இடையில் தெரிந்ததுதான் நடுநிலை. பாட்டில் புதிதாக இருந்த நாளில் அது வரவில்லை, பழசான நாளில் வந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் அவளுக்கே நிம்மதியாக இருந்திருக்கும். புதுக் கரைசலிலும் சில சமயம் அதே இடத்தில் கோடு லேசாக நெளிந்தது. அளவுப் பிழையா, நிஜமா என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறிய நெளிவு. போதாக்குறைக்கு, வயதானவர்களின் கண் வில்லையில் சயனேட் ஒட்டும் இதே மாற்றம் மெல்ல மெல்ல நடக்கக்கூடும் என்று வேறு சிலர் முன்பே எழுதியிருந்தார்கள். அப்படியானால் அவள் பார்த்தது தவறா, தவறான வழியில் பார்த்த சரியா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. மூத்தவள் நேரில் வந்தாள். நான் கூடத்தில் இருந்தேன்.

"மேடம், இத வச்சுத்தான் நான் வேலைக்கே போனேன். கொஞ்சம் பொறுங்களேன். கண்ணுல நடக்கறதத்தான் பாத்தோம்னு மாத்தி எழுதிடலாம்."

"நாம கண்ணுல பாக்கலம்மா. பாட்டில்ல பாத்தோம்."

"அப்ப நடுநிலை இல்லன்னு எழுதப் போறீங்களா?"

"அதுவும் தெரியலையே" என்றாள் தங்கை. மூத்தவள் தேநீரைத் தொடாமல் கிளம்பினாள்.

அந்த வாரமே தங்கை கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். காரணத்தைப் பலமுறை அடித்துத் திருத்தினாள். 'நடுநிலை இல்லை' என்று எழுதினால் பொய், 'இருக்கிறது' என்று எழுதினாலும் பொய். கடைசியில், இந்தச் சோதனையைக் கொண்டு எதுவும் சொல்ல இயலாது என்று எழுதி அனுப்பினாள்.

பிரிவு உபசாரக் கூட்டத்துக்கு நானும் மாப்பிள்ளையும் போயிருந்தோம். புதிதாக வந்த இயக்குநர் யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, நடுநிலையைக் கண்டுபிடித்தவர் என்று அவளைப் புகழ்ந்தார். அவள் எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"அந்தக் கட்டுரைய நான் திரும்ப வாங்கிட்டேன். நடுநிலை இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

தன்னடக்கம் என்று நினைத்தார்களோ என்னவோ, பலமாகக் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் கேட்டாள்: "எதுக்கு அண்ணா தட்டினாங்க?" எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை, அவரும் தட்டியிருக்கிறார்.

ஓய்வு பெற்ற பிறகு அவள் வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நிற்பாள். அதுவரை பேசாமலிருந்த மூத்தவளிடமிருந்து ஒரு நாள் காலையில் தொலைபேசி வந்தது. அன்றன்று கலக்கிய கரைசலில், வேறொரு கருவியில் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

"பாதி தடவ நெளியுது மேடம், பாதி தடவ நெளியல. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க வந்து பாக்கறீங்களா?"

சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாத முகத்தோடு அவள் தொலைபேசியை வைத்தாள். பிறகு மாப்பிள்ளையிடம் மூத்தவள் இருக்கும் ஊருக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.