நொச்சிக்குளத்துச் செந்தண்ணீர்

முத்துவடிவு குலவை போட்டால் இலஞ்சி வரைக்கும் கேட்கும் என்பார்கள் மேலகரத்தில். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஆனால் நொச்சிக்குளத்தின் இக்கரையில் நின்று அவள் நாக்கைச் சுழற்றினால் அக்கரையில் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும், அது நிஜம். எதையும் மெல்லச் செய்யத் தெரியாத பிறவி. நடக்கிறாளா ஓடுகிறாளா என்று சொல்ல முடியாது. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவாள்.

அவள் புருஷன் பேச்சிமுத்து குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். சாரல் சீசன் வந்துவிட்டால் அவனுக்கு அருவிக்கரைதான் வீடு. நொச்சிக்குளத்துப் பாசனத்தில் அவனுக்குப் பாட்டன் வழி வந்த வயல் நாற்பது சென்ட் இருந்தது. கடைமடை. குளத்துத் தண்ணீர் எல்லார் வயலையும் நனைத்து முடித்த பிறகு, மிச்சம் மீதி இருந்தால் இங்கே வரும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்த வயலில் உழைத்தது முத்துவடிவுதான். பேச்சிமுத்து அறுப்புக்கு வந்து வரப்பில் நின்று பார்ப்பான்.

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஆனி மாதம் சாரல் கட்டி, முதல் தண்ணீர் குளத்துக்குள் நுழைகிற நாளில் வேலைவெட்டியைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடைமுகத்தில் கூடிவிடுவார்கள். தேங்காய் உடைத்து, மஞ்சளையும் பூவையும் தண்ணீரில் விடுவார்கள். பெண்கள் குலவையிடுவார்கள். தண்ணீர் எவ்வளவு சிவந்து வருகிறதோ அவ்வளவு சந்தோஷம். மலையில் மழை சரியான அடி அடித்திருக்கிறது, இந்த வருஷம் விளைச்சலுக்குக் குறைவில்லை என்று அர்த்தம். முதல் குலவை எப்போதும் முத்துவடிவுடையது. அதில் அவளுக்குப் பெருமையென்றால் கொஞ்சநஞ்சப் பெருமை இல்லை.

குளத்துக்கு இரண்டு ஓடைகள். பெரிய ஓடை காட்டுக்குள்ளிருந்து வந்தது. சின்ன ஓடை குளத்துக்கு மேற்கே கரடாக நின்ற சிறு குன்றிலிருந்து வந்தது. ஐம்பத்தேழில் அந்தக் கரட்டில் ஒரு காண்டிராக்டர் வந்து கல் உடைக்க ஆரம்பித்தான். எங்கேயோ ரோடு போட ஜல்லி வேண்டுமாம். பாறைக்கு மேலிருந்த மண்ணைச் சுரண்டிச் சரிவில் தள்ளினார்கள். உதவாத கல்லையும் அதன் மேலேயே கொட்டினார்கள். மூன்று வருஷத்தில் கரட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கரடு முளைத்தது. ரோடு முடிந்ததும் காண்டிராக்டர் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மண்மேடு அங்கேயே கிடந்தது.

அந்த வருஷங்களில் முதல் தண்ணீர் வந்த அழகை என்னவென்று சொல்வது! குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் வந்தது. ஊருக்குத் தலைகால் புரியவில்லை. முத்துவடிவு மூச்சு முட்டும்வரை குலவை போட்டாள்.

அறுபதாம் வருஷம் மாசியில் அவள் பயிர் காய்ந்தது. பால் பிடிக்கிற நேரத்தில் குளம் வற்றிவிட்டது. மழை குறைவு என்றார்கள் ஊரில். முத்துவடிவுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. அருவியில் தண்ணீர் நிற்கவே இல்லை, எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கை வீங்கிப்போச்சு என்று பேச்சிமுத்து அந்தச் சீசன் முழுக்கப் புலம்பியிருந்தானே! வந்த தண்ணீர் எங்கே போயிற்று?

நேரே வற்றிய குளத்துக்குள் இறங்கினாள். மடையருகே இரண்டு கல் தூண்கள் உண்டு. புதுப்பெண்ணாக வந்தபோது கோடையில் அதன் கீழே நின்று கையை உயர்த்தினாலும் உச்சி எட்டாது. இப்போது தூணின் தலை அவள் இடுப்புக்குத்தான் வந்தது. தூண் குட்டையாகிவிடவில்லை. தரை உயர்ந்திருந்தது. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். சிவப்பு. எந்த மண் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கரட்டு மேட்டு மண்.

ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள்? காட்டு ஓடைதானே பெரியது, அதுதான் மண்ணைக் கொண்டுவருகிறது என்று சொல்லிவிடுவார்கள். பேச்சிமுத்து கொண்டுவந்து போட்ட காலி எண்ணெய்ப் பாட்டில்கள் கொல்லையில் கிடந்தன. சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஆனி பிறந்து முதல் தண்ணீர் வந்த அன்று ஊரே ஓடைமுகத்தில் கூடி அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் முழங்காலளவு தண்ணீரில் குனிந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த ஓடையில் ஒன்று, அந்த ஓடையில் ஒன்று. குலவையை வேறு யாரோ ஒருத்தி தொடங்கினாள். அது பாதியில் நின்றது. கிறுக்கு பிடித்துவிட்டது என்று முகத்துக்கு நேரேயே சொன்னார்கள்.

சாரல் நின்ற நாள் வரை இருபத்துமூன்று நாட்கள் தினமும் பிடித்தாள். ஒரு பாட்டிலில் பிசுக்குப் போகாமல் எண்ணெய் மிதந்தது, அதைக் கொட்டிவிட்டு வேறு பிடித்தாள். மறுநாள் தெளிந்ததும் அடியில் படிந்த மண்ணை விரலால் அளப்பாள். காட்டு ஓடைப் பாட்டிலில் நகக்கண் அளவுகூட இல்லை. கரட்டு ஓடைப் பாட்டிலில் மூன்று விரற்கடை, நான்கு விரற்கடை! இத்தனைக்கும் சின்ன ஓடை. முத்துவடிவுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. பாட்டில்களைக் கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு பாசனக் கூட்டத்துக்கு ஓடினாள்.

பாசனத்துக்குப் பெரியவர் சங்கரநாராயணன். தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் நான்கு ஏக்கர் வைத்திருப்பவர். பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கெட்ட மனிதரில்லை, ஆனால் தலைமடையில் தண்ணீர் வற்றியதே இல்லை.

"செந்தண்ணிக்கு மொத குலவ போட்டவ நீதான். இப்பம் நீயே வந்து அது கேடுங்கியே" என்றார்.

"நாந்தான் போட்டேன் அண்ணாச்சி. கொளத்த மூடுத மண்ண நாந்தான் குலவ போட்டுக் கூப்பிட்டிருக்கேன். அதாம் எனக்கு வயிறு எரியுது."

கூட்டம் சிரித்துக் கலைந்தது. அடுத்த மாசியில் பயிர் மறுபடி காய்ந்தது. பேச்சிமுத்து கையில் ஒரு கதிரை உதிர்த்தான். எல்லாம் பதர். இன்னும் ஒரு பிசானப் பயிர் பார்ப்போம், அதுவும் காய்ந்தால் விற்றுவிட்டுக் குற்றாலத்தில் ஒரு அறை பிடித்துக் குடியேறிவிடலாம் என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முத்துவடிவு அன்று சாப்பிடவில்லை. மறுநாள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குள் போனாள்.

சிவப்பு மண்ணை நான்கடி வெட்டினாள். அதற்குக் கீழே கறுப்பாக, வழவழவென்று வந்தது கரம்பை. பழைய காலத்து வண்டல், வயலுக்கு அதைவிட நல்ல எரு இல்லை! நான்கு வருஷமாக இந்தக் குளத்தில் யாரும் கரம்பையைக் கண்ணால் பார்க்கவில்லை. அதை அவள் ஊர் முழுக்கச் சொல்லவில்லை. ஒரு கூடை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனாள், அவ்வளவுதான். மறுநாள் விடிந்தபோது குளத்துக்குள் ஏழு வண்டிகள் நின்றன. நான்காம் நாள் சங்கரநாராயணன் வண்டியும் வந்தது. கறுப்பு மண்ணுக்கு ஆசைப்பட்டவன் சிவப்பு மண்ணை வெட்டித்தானே ஆகவேண்டும்! அதைக் கரையில் போட்டுக் கரையை உயர்த்தினார்கள். முத்துவடிவு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மேடு ஒன்றுதான் பாக்கி. காண்டிராக்டரிடம் கல் உடைத்த பரீது ஒருநாள் அவள் கூப்பிடாமலே வந்தான். அந்த மண்ணைத் தள்ளியதில் தன் கையும் உண்டு என்றான். கடைமடைப் பெண்கள் பதினொரு பேரும் அவனுமாக, மண் கீழே இறங்காதபடி சரிவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குக் கல்லை அடுக்கினார்கள். மேலிருந்து கீழாகப் பத்தொன்பது வரிசை. இடையிடையே நொச்சிக் கொம்பும் கொழுக்கட்டைப் புல்லும் நட்டார்கள். செத்த மண்ணில் எதுவும் சரியாகப் பிடிக்கவில்லை. வாரத்தில் பாதி கருகிவிட்டது. காட்டுச் சரிவில் மண் ஏன் கரையவில்லை என்று முத்துவடிவு போய்ப் பார்த்தாள். சருகு, அதற்குக் கீழே மக்கு, அதற்குக் கீழே வேர். இங்கே மக்குக்கு எங்கே போவது? அவள் பங்குக்கு வந்த கரம்பை ஆறு வண்டி. அதை வயலுக்குக் கொண்டுபோகவில்லை. கூடை கூடையாகச் சுமந்து மேட்டில் ஒவ்வொரு குழியிலும் போட்டாள். பேச்சிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஆனியில் முதல் தண்ணீர் வந்தது. வெளிறிப்போய், அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில். ஊர் சோர்ந்துவிட்டது. இந்த வருஷம் அவ்வளவுதான் என்று தேங்காயைக்கூட அரைமனதாக உடைத்தார்கள். முத்துவடிவு ஒருத்திதான் குலவை போட்டாள். கூடப் போட யாரும் இல்லை. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஐப்பசியில் அடைமழை. பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். அவள் கண்ணெதிரே மேல் வரிசைக் கல் சரிந்தது. அடுத்ததும் போயிற்று. மூன்றாவதும் போயிற்று! போச்சு, எல்லாம் போச்சு என்று வாய்விட்டு அழுதாள். நான்காவது வரிசையில் வந்து மோதிய மண் அங்கே நின்றது. புல் வேர் பிடித்திருந்தது. தண்ணீர் மட்டும் கசிந்து கீழே இறங்கியது. ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கீழே வந்தாள். பதினாறும் நின்றன. மேடு முழுசாக அடங்க இன்னும் பத்து வருஷமாவது ஆகும் என்றான் பரீது. இருந்துவிட்டுப் போகிறோம் என்றாள் இவள்.

ஆனால் மூன்று வரிசை போன செய்தி மட்டும் குற்றாலத்துக்கு எட்டிவிட்டது. பேச்சிமுத்து பயந்துபோய்ச் சங்கரநாராயணனிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். மாசியில் வயலை அவருக்கே எழுதிக் கொடுத்துவிடுவதாக.

மாசி பதினெட்டு. இரண்டு பேரும் வயலை அளக்க வந்தார்கள். வரப்பில் ஏறியதும் பேச்சிமுத்து நின்றுவிட்டான். கதிர் பால் பிடித்துத் தலை சாய்ந்திருந்தது. அதன் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். அப்போதும் வந்துகொண்டிருந்தது. முத்துவடிவு மண்வெட்டியோடு வாமடையில் நின்று, வாய்க்காலிலிருந்து தண்ணீரை வயலுக்குள் திருப்பிக்கொண்டிருந்தாள். விற்கப்போகிற விஷயம் அவளுக்குத் தெரியும். நான்கு மாதமாகத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சங்கரநாராயணன் பயிரைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். விளைந்தது முத்துவடிவுக்கு, வயல் தனக்கு, பேச்சு பேச்சுதான் என்றார். எப்போது எழுதலாம் என்று கேட்டார்.

பேச்சிமுத்து குனிந்து ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வாமடை வழியாக வயலுக்குள் இறங்கினான்.

"எங்கிட்ட கேக்காதீக அண்ணாச்சி. நான் ஒங்களுக்குச் சொன்னது தப்பு. வயல் அவளுது."

முத்துவடிவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கக் கையில் சேறு. வாமடையை மறித்துக்கொண்டு நின்ற அவன் காலைப் பார்த்தாள்.

"கால எடுங்க" என்றாள், "தண்ணி போவட்டும்."