பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு குரல்

சத்தியமாக நடந்தது. நான் கொஞ்சம் அளப்பவன்தான். கூடை கூடையாக அளப்பேன் என்பாள் என் மனைவி. இதில் மட்டும் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

ஒலிப்பதிவாளனாக என் கடைசி வருடம். இருபத்துநாலு பேர் வட்டமாக நின்று பாடும் சேர்ந்திசை. நடுவில், ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக மைக்குகள். பன்னிரண்டு அடி உயரத்தில் இன்னும் நான்கு. ஹெட்போனில் கேட்டால் முன்னே, பின்னே, உச்சந்தலைக்கு மேலே என்று நம்மைச் சுற்றி நின்று பாடுவார்கள். ஊசி விழுந்தால் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தது என்று சொல்லிவிடும் காது எனக்கு!

மதியம் 3.10. ஒரு குரல் சுருதி இறங்கியது.

பாட்டை நிறுத்தினார், குழுவை நடத்தும் மாஸ்டர். "யாரு அது?"

"பதினேழாவது இடம், மாஸ்டர்! பின்பக்கம், வலது!" என்றேன் பெருமையாக.

அங்கே நின்றவள் என் மச்சினி, மனைவியின் தங்கை. ஆறு வருடம் நடையாய் நடந்து, அன்றுதான் குழுவில் இடம் கிடைத்திருந்தது.

"மாமா, நான் சரியாத்தான் பாடினேன்..."

"இங்க என்னம்மா மாமா, மச்சான்?" என்றார் மாஸ்டர். "கெளம்பு. இனிமே இந்தப் பக்கமே வராத."

யாரோ சிரித்தார்கள். அவள் என்னையே பார்த்தாள்.

அதற்குள் ஒவ்வொரு மைக்காகத் தனியே கேட்டுவிட்டேன். அவள் முகத்துக்கு நேரே இருந்ததில் சுத்தமான பாட்டு. கெட்ட குரல்... அவள் தலைக்கு மேலே தொங்கியதில். நான் திசையைத்தான் பார்த்திருந்தேன். உயரத்தைப் பார்க்கவில்லை.

சொல்லியிருக்கலாம். என் காது தப்பு என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? ஹெட்போனைச் சரிசெய்துகொண்டேன்.

3.22. அவளுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. டப்.

மறுபடி பாடினார்கள். மேலே இருந்த குரல்... இறங்கியது.

பத்தடி... எட்டடி...

காலியான பதினேழாவது இடத்தில் நின்றது.

ஸ்ஸ்ஸ்... மூச்சு இழுத்தது.

பாடியது.

சுருதி சுத்தம்.

என் மச்சினியின் குரல்.

"பாத்தீங்களா?" என்றார் மாஸ்டர். "களையெடுத்ததும் எப்படி இருக்கு!"

பிறகுதான் தெரிந்தது. அதே நேரம் அவள் வாசலில் காவலாளியிடம் தண்ணீர் கேட்க வாயைத் திறந்திருக்கிறாள். சத்தம் வரவில்லை. நாலு வருடமாக வரவில்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார் டாக்டர்.

அந்தப் பதிவு சக்கைப்போடு போடுகிறது. போன வாரம் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். யார், எங்கே அதைப் போட்டாலும் அவள் தொண்டை தானாகப் பாடுகிறதாம், சத்தமே இல்லாமல். "தூங்க விட மாட்டேங்கிறாங்க மாமா."

நம்பாதவர்கள் போட்டுக் கேளுங்கள். பின்பக்கம், வலது.

பிரமாதமாகப் பாடுகிறாள்.