சுட்ட டப்பா

"இவ செய்ற பல்பு எரிஞ்சா நான் மீசைய எடுத்துருதேன்" என்றார் மாமா, அம்மாவின் தம்பி. "கண்காட்சி முடியட்டும். தீப்பெட்டி ஆபீசுல இவளுக்கு ஒரு வேல சொல்லி வைக்கேன்."

எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். மறுநாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பல்பு எரியாவிட்டால் மாமா படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்தேன்.

டீச்சர் கொடுத்த செம்பு பூசிய அட்டையில் நகப்பூச்சைத் தடவிக் காயவைத்து, ஊசியால் கோடுகள் கீறினேன். கீறிய இடத்துச் செம்பை பெரிக் குளோரைடு கரைசல் தின்றுவிடும். பூச்சுக்கு அடியில் இருப்பது மின்சாரம் ஓடும் பாதையாக மிஞ்சும். காலையில் வேலைக்குக் கிளம்பிய அம்மா எட்டிப் பார்த்தாள்.

"எங்க ரூம் வாசல் தகடு மாதிரில்லா இருக்கு."

அம்மாவுக்குப் பட்டாசு ஆலையில் வேலை. மருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பிலுள்ள மின்சாரம் மண்ணில் இறங்க, வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். அம்மா ஒரு நாளும் தொடாமல் நுழைந்ததில்லை.

பெரிக் குளோரைடு தூளைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். எனக்கு அவசரம். மறுநாள் சாயங்காலம் வரை அவகாசம் இருப்பவர்கள் அப்படிக் கரைக்கட்டும் என்று, துவைக்கிற கல்லில் வைத்த பிளாஸ்டிக் டப்பாத் தண்ணீரில் மொத்தமாகக் கொட்டினேன். அட்டையையும் போட்டேன். அந்நேரம் பார்த்து அம்மா வேலை முடிந்து வந்தாள். குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள் என்பதால் நேரே கொல்லைக்கு வந்தவள், பழுப்புத் தண்ணீரையும் அதிலிருந்து எழுந்த புகையையும் பார்த்தாள். டப்பாவைத் தொட்டாள். சுட்டது.

ஈரம் பட்டுப் பட்டாசு மருந்து சூடேறினால் அடுத்து என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா கத்தவில்லை.

"ஏட்டி, தங்கச்சியத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்குப் போ. ஓடாத, நட."

"யம்மா, அது தூள் கரையுற சூடும்மா..."

"நடன்னேன்."

டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு சொட்டு அலம்பாமல் கருவேலங்காட்டுப் பக்கம் நடந்தாள். கீழே வைத்து மண்ணை அள்ளி மூடினாள். ரோட்டில் நின்று அழுதேன். கரையும் சூடுதான் என்று சொன்ன பிறகும் கேட்கவில்லையே, அம்மாவும் மாமா பக்கம் சேர்ந்துவிட்டாள், வேண்டுமென்றே என் அட்டையைப் புதைக்கிறாள் என்று.

வெகுநேரம் கழித்து அவளே குச்சியால் கிளறி எடுத்துக் கொடுத்தாள். "இந்தா. இத்தினிக்கூண்டு அட்டைக்கா இம்புட்டு அழுக?"

மண்ணுக்குள்ளும் கரைசல் தன் வேலையைச் செய்திருந்தது. ஒரு பாதை மட்டும் அறுந்திருந்தது. கம்பித் துண்டு வைத்து ஒட்டினேன். மறுநாள் பல்பு எரிந்தது. மாமாவின் மீசை இன்னும் இருக்கிறது. அம்மாவோடு இரண்டு நாள் நான் பேசவில்லை. அவள் விரல்களில் மஞ்சள் கறை ஒரு வாரம் இருந்தது.

வெடிக்கும் என்று நம்பியதைத்தான் அவள் ஏந்திக்கொண்டு போனாள் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. பொறியியல் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் அதே தூளைக் கரைத்து டப்பாவைத் தொட்டபோதுதான் உறைத்தது.

அங்கே நான் கீறிச் செய்த ஓர் அட்டை, ஆலை வாசல் தகட்டிலிருந்து இறங்கும் கம்பி மண்ணோடு சேர்ந்திருந்தால் பச்சை விளக்கைக் காட்டும். போன ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. ஃபோர்மேனைக் கூட வைத்துக்கொண்டு, காலியாக இருந்த அறைகளின் தகடுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அம்மாவின் அறை வாசலில் விளக்கு எரியவில்லை. தோண்டினால், கம்பி மண்ணுக்குள் அரித்து அறுந்திருந்தது.

புதுக் கம்பி பதித்து, பச்சை எரிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன்.