நான் சரியாகப் படித்த சீட்டு

1957-ம் வருஷக் கடைசி. புதுச்சேரியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் பாதிக் காகிதங்கள் பிரெஞ்சில்தான் வந்துகொண்டிருந்தன. தெரிந்தவர்கள் யாருக்குப் பிரெஞ்சுக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் எடுத்து வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சம் என்று எழுதுவதே பொய்தான்.

பெரிய மார்க்கெட்டில் எங்களுக்கு வாடிக்கையாக மீன் கொடுத்த அம்மாள், பக்கத்து மீனவக் குப்பமான பிள்ளைச்சாவடிக்காரர். பிரெஞ்சு தெரிந்தவன் என்பதால் என்னை ஐயா என்று சொல்லாமல், பிரெஞ்சுக்காரர்களைக் கூப்பிடுவதுபோல 'முசியே' என்பார். அவருடைய ஒரே மகளுக்கு எட்டு வயது, பேச்சு வரவில்லை. ஒரு நாள் காலையில் இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். மருத்துவமனைக் கன்னியாஸ்திரீ குழந்தையைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தாராம். அவர் பேசிய அரைகுறைத் தமிழ் இவருக்குப் புரியவில்லை.

சீட்டில் சென்னை விலாசம் ஒன்று இருந்தது. அதற்கு மேலே, செவிட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. படித்துச் சொல்லிவிட்டு, பெண்ணுக்குக் காது கேட்காதா என்று கேட்டேன்.

"ஊமைதான் முசியே, செவிடு இல்ல. பின்னால நின்னு தரையில உலக்கைய போட்டா திரும்பிப் பாக்குதே."

"அப்போ இது உம் பொண்ணுக்கு இல்லம்மா. சீட்டு மாறிப் போயிருக்கு."

எதற்கும் அந்தக் கன்னியாஸ்திரீயை ஒருமுறை கேட்டுவிட்டு வரட்டுமா என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஊமைக்குப் பிரெஞ்சில் வேறு சொல், செவிட்டுக்கு வேறு சொல் என்று மீன்கூடைகளுக்கு நடுவே நின்று பாடமே எடுத்தேன். அவரும் கேட்கப் போகவில்லை. ஊமைப் பிள்ளைகளுக்கு எங்கே பள்ளி இருக்கிறது என்று நானே விசாரித்துச் சொல்வதாகவும் வாக்குக் கொடுத்தேன். இரண்டு மூன்று பேரைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பிறகு மறந்துபோனேன். அந்தக் கன்னியாஸ்திரீயும் காரைக்காலுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

நான்கு வருஷம் கழித்து, உடன் வேலை பார்த்தவர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கை குழந்தைக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. டாக்டர் காதைச் சோதித்தாராம். காதில் ஒரு சொல்கூட விழாத பிள்ளை எப்படிப் பேசும் என்றாராம். தரையைத் தட்டினால் திரும்புவது அதிர்வு காலில் தெரிவதால்தானாம். நண்பர் இதைப் போகிறபோக்கில் சொன்னார். எனக்கு மீன்கார அம்மாள் சொன்ன உலக்கை நினைவுக்கு வந்தது.

அந்த டாக்டரிடமே சென்னை விலாசத்தை வாங்கிக் கடிதம் போட்டேன். பதில் மரியாதையாக வந்தது. எட்டு வயதிலாவது வந்திருந்தால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், ஓரளவு பேசவும் பழக்கியிருக்கலாம். பன்னிரண்டு வயதில் தொடங்குவது கடினம், கைத்தொழில் வேண்டுமானால் கற்றுத் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

மார்க்கெட்டுக்குப் போய் அதைப் படித்துக் காட்டினேன். அம்மாள் கையிலிருந்த மீனை அப்படியே வைத்துவிட்டார். 

"அன்னிக்கு நீங்க சரியாத்தான் படிச்சீங்க முசியே. செவிடு இல்லன்னு சொன்ன பாவி நாந்தானே."

கேட்டுவிட்டு வரட்டுமா என்றவரைத் தடுத்தவன் நான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். அந்தப் பெண்ணின் பேச்சு என்னால் போனது என்பதைவிட, அந்தப் பழியைத் தாய் தன் தலையில் போட்டுக்கொள்ள விட்டுவிட்டேனே என்பதுதான், அவர் இல்லாத இந்நாளிலும் என்னைத் தின்றுகொண்டிருக்கிறது.