கோபமாக வெளியேற ஓர் ஆள் வேண்டும்

எங்கள் நாடகக் குழுவின் இந்த சீசனுக்கு இன்று ஆடிஷன். அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு, தம்பி ஒரேயடியாக வீட்டை விட்டு வெளியேறும் காட்சி.

வந்தவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் கத்தினார்கள். ஆனால் கதவருகே போனதும் திரும்பி, "போயிட்டு வாரேனுங்க" என்றார்கள்.

கோயமுத்தூரில் இந்த நாடகம் நடக்கவே நடக்காது என்று நொந்துபோனேன்.

கடைசியாக வந்த காங்கேயத்துக்காரர் கத்தினார், கதவை அறைந்து சாத்தினார், போயே போய்விட்டார். அப்பாடா, தம்பி கிடைத்துவிட்டார்! எல்லோரும் கைதட்டினோம்.

ஆள் திரும்பி வரவில்லை. பதறிப்போய் போன் செய்தேன்.

"வெளிய வந்தா எங்கூர் பஸ் நின்னுச்சுங்க, ஏறிட்டனுங்க. சொல்லாம வந்தது மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க. போயிட்டு வாரேனுங்க."

வேஷம் அவருக்குத்தான். நாடகத்தன்று கதவைச் சாத்திய கையோடு அண்ணனுக்குப் போன் போட்டு விடைபெற்றுவிடாமல் இருக்க, அவர் போனை யார் வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள்?